அண்ணனுக்கு நான் கொடுத்த நாவல் சாறு

மூன்று வருடங்களுக்கு முன், ஆனி மாதக் கடைசியில் ஆரம்பித்தது இது. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். ஏரிக்கரையில் நிற்கும் நாவல் மரங்களை ஊரில் வருடா வருடம் ஏலம் விடுவார்கள். பெரும்பாலும் என் அண்ணன்தான் எடுப்பார். நான் அவர் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். யாராவது எதையாவது கேட்டுவிட்டால், விளக்கம் சொல்லி முடிக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் குணத்தால் வந்த வினைதான் இது.

நாவல் பழம் உலுக்குகிற நாட்களில் கரையே கலகலப்பாக இருக்கும். கீழே பழைய புடவைகளை நாலு பேர் இழுத்துப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறியவர் கிளையை உலுக்குவார். முழுசாக விழுந்த பழம் கூடைக்குப் போகும். வெடித்ததும் நசுங்கியதும் வீட்டுக்கு வந்துவிடும். விற்கவும் முடியாது, வீசவும் மனசு வராது. அதனால் அந்த ஒன்றரை மாதம் அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் நாக்கு ஊதா, உதடு ஊதா, சட்டையெல்லாம் ஊதா. காலையில் கழிப்பறைக்குப் போனால் அங்கேயும் நிறம் மாறித்தான் இருக்கும். நாவல் காலத்தில் அதை யாரும் ஒரு சங்கதியாகவே நினைப்பதில்லை.

அன்று பள்ளி விட்டு வந்தவளை அண்ணன் கரைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், தங்கையிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, கையிலிருந்த கயிற்றைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றார்.

"வெளிக்கி போனா கருஞ்செவப்பா கீது பாப்பா. வயிறும் சரியில்ல. ஹெல்த் சென்டர்ல காட்டினேன், சீட்டு எழுதி குடுத்துக்கீறாங்க. காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு போயி டியூப் வுட்டு பாக்கணுமாம்."

நான் சிரித்துவிட்டேன். "தெனம் ஒரு குண்டான் ஒடஞ்ச பழத்த துன்னுக்கினு இருந்தா வேற இன்னா கலர்ல வரும்ணா?"

அவரும் சிரித்தார். டியூப் என்றதிலிருந்தே அவருக்கு உள்ளுக்குள் உதறல். "அப்ப போவ வேணாம்ன்றியா?" என்று கேட்டார். போயிட்டு வாண்ணா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, மரமெல்லாம் உலுக்கி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த வாரமே போனில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. பழங்களுக்கு ஊதா நிறம் தருகிற ஆந்தோசயனின் என்ற பொருளைப் பற்றியது. நாம் சாப்பிடுகிற அந்த நிறத்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமல் நேராகப் பெருங்குடலுக்குப் போகிறதாம். அங்கே இருக்கிற நல்ல கிருமிகள் அதை உடைத்து வேறு பொருளாக்குகின்றனவாம். அது குடலில் அழற்சியைக் குறைக்கலாம், கெட்ட கட்டி வளர்வதைக்கூடத் தடுக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். வெளிநாட்டு பெர்ரிப் பழங்களைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. அதே ஊதா நம் ஏரிக்கரையில் கொட்டிக் கிடக்கிறதே என்று போனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கட்டுரையின் கடைசிப் பத்தியை நான் படிக்கவில்லை.

பழம் முடிகிற சமயத்தில் கூழாகப் பிசைந்து, கொட்டை நீக்கி, டப்பா டப்பாவாக என் வீட்டு ஃப்ரீசரில் அடைத்தேன். தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் சாறு கரைத்து எடுத்துப் போவேன். அண்ணன் துவர்ப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார். எனக்குப் பெருமை தாங்காது.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. ஏரிக்கரையில் ஒரு பழம்கூட இல்லை. நிறம் மட்டும் போகவில்லை. அண்ணன் இன்னொரு தடவை கேட்டார். சாறு குடிக்கிறாயே, அதுதான் என்றேன். புரட்டாசியில் அண்ணி என் வாசலுக்கு வந்தார்.

"எட்டு வெச்சி நடந்தா மூச்சு வாங்குது அவருக்கு. கண்ணெல்லாம் வெளுத்து கீது. சட்ட தொளதொளன்னு ஆயிடுச்சி. எனுக்கு இன்னாவோ பயமா கீது டீச்சரு."

அண்ணி என்னை மரியாதையாக டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. வயலில் வெயிலோடு நிற்கிறார், கீரையும் பேரீச்சம்பழமும் கொடுங்கள் என்று அனுப்பிவைத்தேன். சாற்றை ஒன்றரை டம்ளராக்கினேன்.

ஐப்பசியில் ஒரு காலை, வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவர் வரப்பிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லை என்றார்கள். ரத்தம் ஏற்றி, நாலு மாதமாகத் தள்ளிப்போட்ட அதே டியூப் பரிசோதனையைச் செய்தார்கள். பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது.

எங்களிடம் பேசிய டாக்டர் சின்ன வயதுப் பெண். என் பழைய மாணவியாகக்கூட இருந்திருக்கலாம், அவ்வளவுதான் வயது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சாறு உட்பட. அவர் திட்டவில்லை. நாவல் பழம் நல்லதுதான், சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும், ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட கட்டியை அது கரைக்காது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு, எழுதிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சாறை ஒரு வாரம் நிறுத்திட்டு கலர் மாறுதான்னு பாத்தீங்களா மேடம்?"

இல்லை என்று தலையாட்டினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் நடத்துகிற முதல் பாடமே அதுதான். ஒரு செடியை வெயிலில் வை, ஒன்றை இருட்டில் வை. ஒன்றை மட்டும் மாற்று, என்ன ஆகிறது என்று பார். பார்க்காமல் எழுதினால் மார்க் கிடையாது என்று பிள்ளைகளை மிரட்டியிருக்கிறேன். பழம் நின்ற பிறகு அண்ணனின் உடம்பே பாடம் எடுத்திருக்கும். தினம் ஒரு டம்ளர் ஊதாவை ஊற்றி அதை மறைத்தவள் நான்.

வார்டுக்குப் போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, என்னால்தான் இப்படி ஆயிற்று என்று அழுதேன். ஆஸ்பத்திரி கட்டிலில் அவர் இன்னும் சிறுத்துத் தெரிந்தார்.

"வுடு பாப்பா. உன் சாறு குடிச்சதால நாலு மாசம் பயமில்லாம தூங்கினேன், தெரியுமா?"

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அதைவிட வலிக்கிற ஒன்றை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்த நிம்மதியான தூக்கம்தான் அவரைக் கொல்கிறது என்று எனக்கு உறைத்துவிட்டது.

மாசி மாதம் அண்ணன் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின், ஏதோ ஒரு வேலைக்காக அண்ணி ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். கார்டோடு சேர்ந்து ஒரு மடித்த தாள் விழுந்தது. ஆனி மாதம் ஹெல்த் சென்டரில் எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டு. நான் வேண்டாம் என்றதும் அவர் அதைக் கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டிலேயே பத்திரமான இடத்தில், மடிப்பு கலையாமல் வைத்திருந்திருக்கிறார். அவர் போகத் தயாராகத்தான் இருந்திருக்கிறார். நான் போகச் சொல்லவேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். அண்ணி அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று ராத்திரி அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்து கடைசிப் பத்தியைப் படித்தேன். இதில் பல விஷயங்கள் மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லை, உடம்பில் மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் போங்கள் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். விரலை ஒரு தடவை தள்ளியிருந்தால் போதும்.

இப்போது மரங்களை வேறொருவர் எடுக்கிறார். பழத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. போன ஆடியில் ஒரு கை வாங்கிச் சாப்பிட்டேன், துவர்ப்பில் என் முகமும் அண்ணன் முகம் போலவே சுளித்தது. ஊரில் யாராவது உடம்புக்கு முடியவில்லை என்று யோசனை கேட்டு வந்தால், நான் விளக்கம் சொல்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு பஸ் ஏறிவிடுகிறேன். சீட்டு என் கைப்பையில்தான் இருக்கிறது. ஒரு வாரம் நிறுத்திப் பார் என்று சொல்ல எல்லோருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். என் அண்ணனுக்கு அந்த ஆளாக நான் இருந்தேன், நான்தான் சொல்லவில்லை.