கடைசிக் கார்டு

பச்சையம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளம், நூற்றுத் தொண்ணூறு ரூபாய், பாக்கி நின்ற நாளிலும் எட்மண்ட் தாம்பரத்து மின்சார ரயிலில் கம்ப்யூட்டர் கார்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தையோடு ஒருத்தி எதிரே நின்றாலும் எழுந்திருக்க மாட்டார். கார்டு மடங்கிவிடுமாம். சானடோரியத்தில் ஒருமுறை தலை சீவுவார். குரோம்பேட்டையில் இன்னொரு முறை. இரண்டு நிலையத்துக்கும் நடுவில் முடி எங்கே ஓடிப்போகும் என்று யாரும் கேட்டதில்லை.

மவுண்ட் ரோட்டில் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் அவர் புரோகிராமர். பம்மல் தோல் தொழிற்சாலையின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சம்பளப் பட்டியல் அச்சடித்துத் தருவார். ஆளுக்கு ஒரு கார்டு; அதில் ஓட்டை ஓட்டையாய் அவரவர் நாள்கணக்கு. எழுபத்தாறில் பழைய மெஷின் போய்ப் புதியது வந்தது. "அதே புரோகிராம்தான், ஒரு புள்ளிகூட மாத்தலை" என்று எட்மண்ட் பதக்கம் குத்திக்கொண்டவர் மாதிரி திரிந்தார். அந்த மாதத்திலிருந்துதான் பட்டியலின் கடைசி ஆள், புதிதாகக் கூட்டிப்பெருக்கச் சேர்ந்த பச்சையம்மா, தாளில் காணாமல் போனாள். பெயர் இல்லாதவளுக்குக் காசாளர் பைசா தரமாட்டார். அவளுடைய வெண்கலப் பானை அடகுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தொழிற்சாலையின் மேஸ்திரி முனிரத்தினம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பதினோரு வயதில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்கி, இன்று அறுபது பேரை வைத்து வேலை வாங்குகிறார். முப்பது வருஷத்தில் ஒரு தோல் எண்ணிக்கையில் பிசகியதில்லை. அதற்கு எந்தக் கல்லூரியும் பட்டம் தருவதில்லை.

"பச்சையம்மா கார்டே வந்திருக்காது மேஸ்திரி," என்றார் எட்மண்ட். "டோட்டல் டேலி ஆகுது பாருங்க."

"அச்சடிச்ச பேரையே கூட்டினா ஏன் டேலி ஆவாது? அது கெடக்கட்டும் சார். மெஷினு கார்ட எப்படிக் கேக்குது? அத்த சொல்லு."

பாலர் வகுப்புக்குச் சொல்வதுபோல எட்மண்ட் விளக்கினார். புரோகிராம் கார்டைத் தானே தொடாது. மெஷினுக்குள் மேலாளர் மாதிரி ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று உண்டு. அதனிடம் 'அடுத்தது கொடு' என்று கேட்கும், அது கொடுக்கும். தீர்ந்தால் 'தீர்ந்தது' என்று சொல்லும். அதைக் கேட்டதும் புரோகிராம் கடையைக் கட்டிவிடும். இரண்டு மெஷினிலும் இதே கதைதான்.

"எப்ப சொல்லும், தீந்துச்சுன்னு?"

"தீர்ந்தப்போதான்."

"அதான் எப்போன்றேன். எங்கிட்ட ரெண்டு பேரு தோல் எடுத்துப் போடறாங்க. சவுரிமுத்து கடசித் தோலப் போட்டுடுவான். நான் இன்னொண்ணுக்குக் கை நீட்டினாதான் 'அவ்ளோதான்'னுவான். அசரியா கடசித் தோலக் கையில வச்சிகினே 'அவ்ளோதான்'னுவான். அத்தக் கேட்டு நான் நோட்ட மூடிட்டேன்னு வை, அவன் கையில கீற தோலு இன்னா ஆவறது? உன் பழைய மெஷினு சவுரிமுத்து. புதுசு அசரியா."

எட்மண்ட் சிரித்தார். "இது கம்ப்யூட்டர் மேஸ்திரி. மாட்டுத் தோல் இல்ல."

"அப்போ என் கார்ட கடசில சொருகு. பச்சையம்மா பேரு வந்து என் பேரு போச்சுன்னா ஒத்துக்குவியா?"

"போகாது."

மூன்றாம் நாள் எட்மண்ட் சுருட்டிய தாளோடு வந்தார். தலை கலைந்திருந்தது, சீப்பு பையிலேயே கிடந்தது. தாளில் பச்சையம்மா இருந்தாள். முனிரத்தினம் இல்லை.

"கடைசிக் கார்டோட சேர்த்தே 'தீர்ந்தது'ன்னு சொல்லிடுமாம். மேனுவல்ல போட்டிருக்கான்," என்று முணுமுணுத்தார். "ரொம்பச் சின்ன எழுத்து."

"எனக்குத்தான் இங்கிலீசு படிக்க வராது. உனக்கு இன்னா சார் வந்தது?"

அந்த வாரமே புரோகிராம் மாறியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் தாளில் ஏறினார்கள். காசாளர் பச்சையம்மாவின் பாக்கியைக் கவரில் போட்டு நீட்டினார். முனிரத்தினம் அதை வாங்கி எட்மண்டின் கையில் திணித்தார். "நீயே எண்ணிக் குடு."

பச்சையம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். பத்து ரூபாய் நோட்டுகள் ஒவ்வொன்றாய் அவள் உள்ளங்கையில் விழுந்தன. பத்தொன்பதாவது நோட்டை வைத்த பிறகும் எட்மண்ட் வாய் திறக்கவில்லை. கவருக்குள் இன்னொரு முறை விரலை விட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. அதன் பிறகுதான் சொன்னார்: "அவ்வளவுதாம்மா."