சுவரில் ஒரு சதுரம்

என் வீட்டுக்காரிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அடுப்பில் உலை கொதிக்கும்போதே கரண்டிகளை இடம் மாற்றி மாட்டுவாள். காலையில் நான் கழற்றிப் போட்ட சட்டை மாலைக்குள் வேறு அலமாரிக்குக் குடிபோயிருக்கும். அருங்காட்சியகத்தில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவள் வேலை. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். நான் அங்கேயே தச்சன்; அவள் கைகாட்டும் இடத்தில் பெட்டியும் கண்ணாடியும் பொருத்துகிறவன்.

இந்த வருடம் இயக்குநர் பெரிய கண்காட்சி ஒன்றுக்கு ஆசைப்பட்டார். மேற்கத்திய நாகரிகத்துக்கு ஓர் அறை, இஸ்லாமிய நாகரிகத்துக்கு அடுத்த அறை, நடுவில் சுவர். வருகிறவர்கள் இரண்டின் வளர்ச்சியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். திறப்பு விழா நல்லபடி முடிந்தால் அவள் வேலையை நிரந்தரமாக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார். இத்தனை வருடம் அவள் நாயாய் உழைத்தது அதற்குத்தான்.

முதல் நாளே அவள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். ஒன்று திசை, இன்னொன்று மதம், இரண்டையும் எந்தத் தராசில் நிறுப்பது என்றாள். முதல் அறையில் கிரேக்கர், ரோமர் முடிந்ததும் ஒரு மூலை வெறிச்சென்று கிடந்தது. 'இருண்ட காலம்' என்று ஒரு பலகை. அதே நூற்றாண்டுகளில் அந்தக் கிரேக்க நூல்களை அரபியில் பெயர்த்து, அவற்றோடு மல்லுக்கட்டி, மேலே எழுதிக்கொண்டிருந்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அந்த அறையின் கடைசி மூலையில் விளக்கை மங்கலாக வைக்கச் சொன்னார் இயக்குநர். வீழ்ச்சி என்று புரிய வேண்டுமாம். அட, போங்கய்யா!

கடைசியாக வந்தது ஒரு பித்தளைத் தட்டு. நட்சத்திரங்களை வைத்து நேரம் கணிக்கும் பழைய கருவி. முகப்பில் அரபி எழுத்து. முதுகில், பிற்காலத்தில் அதை வாங்கிய யாரோ பொறித்த லத்தீன் எழுத்து. ஏதாவது ஓர் அறையில் வைத்துத் தொலைக்கச் சொன்னார் இயக்குநர். அவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு இங்கும் அங்குமாக நடையாய் நடந்தாள். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் என் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தச் செவுத்துல ஒரு ஓட்டை போடுங்க."

"வேலை போயிடும்மா."

"தெரியும். போடுங்க."

திட்டிக்கொண்டேதான் அறுத்தேன். பலகைச் சுவர்தான். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து, நடுவில் தட்டை நிறுத்தினோம். விழாவில் கூட்டம் அங்கேதான் மொய்த்தது. இந்த அறையில் குனிந்தவர்கள் தட்டின் ஓரமாய் அந்த அறையின் முகங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இயக்குநரும் விருந்தாளிகளோடு சேர்ந்து சிரித்தார். கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் வர வேண்டாம் என்றார். என்னைக் கூப்பிட்டு, நாளைக்கே ஓட்டையை அடைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவள் அடித்துப் போட்ட மாதிரித் தூங்குகிறாள். அளவெடுத்த பலகை வாசலில் சாய்ந்து கிடக்கிறது. நான்தான் கரண்டிகளை இடம் மாற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.