ஈரச் சாக்கில் சுற்றிய ப்ளூபெரி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைப் பிறகு திட்டலாம். என் கொல்லைச் செடியைத் திருடியவனுக்கு, அதை வேரோடு தோண்ட மண்வெட்டி எடுத்துக் கொடுத்தவன் நான். கூடையில் அடுக்கிக் கொடுத்தவனும் நான். "கனமா இருக்குமேடா" என்று அதைத் தலையில் தூக்கி, அவன் இருந்த பங்களா வாசல்வரை கொண்டுபோய் இறக்கியவனும் நானேதான். வாசலில் அவன் "உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்" என்று சொன்னபோது, எவ்வளவு நல்ல பிள்ளை என்று மனம் நெகிழ்ந்தும் போனேன்.

அப்போது நான் ரங்கூனில், அலோன் ஆற்றங்கரையில் ஒரு மர மில்லில் குமாஸ்தா. எட்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு பழைய பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். அதில் மனைவியோடு இருந்தது நாற்பது நாள். எட்டுப் பேர் குறட்டை விடுகிற வீட்டுக்கு அவளை எந்த முகத்தோடு கப்பலேறி வரச் சொல்வது?

அந்த வீட்டுக் கொல்லையில் புதரை வெட்டும்போது மூன்று செடிகள் அகப்பட்டன. இடுப்பளவு உயரம், கொத்துக் கொத்தாகக் கருநீலப் பழம். முன்பு அங்கே குடியிருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் நட்டது என்று வீட்டுச் சொந்தக்காரியான பர்மாக்காரி சொன்னாள். ஒவ்வொரு பழத்தின்மேலும் திருநீறு பூசினாற்போல ஒரு வெளுப்பு. அதை அழுக்கு என்று நினைத்து, அரைநாள் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாக வேட்டி நுனியால் துடைத்தேன். பழம் பளபளத்தது, வேட்டிதான் பிறகு எதற்கும் ஆகவில்லை.

துடைத்ததை ஒரு தட்டில் வைத்து என் கப்பல் தம்பியிடம் காட்டினேன். கப்பல் தம்பி என்றால் கூடப் பிறந்தவன் அல்ல. ஒரே கப்பலில் அடுத்தடுத்த பாயில் படுத்து, நான்கு நாள் ஒருவர்மேல் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். அப்படிச் சேர்ந்து வந்தவர்களை ரங்கூனில் யாரும் பிரித்துப் பேசமாட்டார்கள். அவன் எங்கள் மில் துரையின் பங்களாவில் தோட்டக்காரன். அவன் மனைவியும் என்னுடையவளைப் போல ஊரில்தான்.

"அண்ணே, இதைத் துரைசானிகிட்டக் காட்டணும், வாங்க" என்று அவனே இழுத்துக்கொண்டு போனான்.

துரைசானி ஒரு பழத்தை வாயில் போட்டாள். இன்னொன்று போட்டாள். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் பிறந்த ஊரில் இதற்கு ப்ளூபெரி என்று பெயராம். பதினோரு வருஷமாக அவள் இதைக் கண்ணால் பார்க்கவில்லையாம். "ஆனால் இதை யார் இப்படிச் செருப்புப் போலத் துடைத்து வைத்தது?" என்று சிரித்தாள். பங்களாச் சுவரை ஒட்டிய இரண்டு அறை வீடு காலியாக இருப்பது எனக்குத் தெரியும். துணிந்து மனைவியைப் பற்றிச் சொன்னேன். "அடுத்த வருஷம் ஒரு கூடை கொண்டு வா. அந்த வீட்டை உனக்குக் கொடுக்கும்படி நான் துரையிடம் சொல்கிறேன்" என்றாள். தம்பி அங்கேயே பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். தொட்டி நிரம்பி வழிந்தும் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் அவனுக்கு மீன்குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவியதும் செடியைப் பார்ப்பான்.

"பக்கத்துல பாருங்கண்ணே, எத்தனை கன்னு! இதெல்லாம் தாய்ச்செடியோட சத்தை உறிஞ்சிடும். தோண்டி எறிஞ்சிடணும். பங்களாக் குப்பைக்குழியில நான் போட்டுடறேன்."

தோண்டினோம். ஒவ்வொரு கன்றின் வேரிலும் ஈரச் சாக்கைச் சுற்றி, குழந்தைக்குத் துணி சுற்றுவதுபோல முடிச்சுப் போட்டான்.

"எறியப்போற செடிக்கு எதுக்குடா ஈரச் சாக்கு?"

"வழியெல்லாம் மண்ணு சிந்தும்ணே. போலீஸ்காரன் புடிச்சுக்குவான்."

என்ன பொறுப்பான பிள்ளை என்று மெச்சினேன்.

மழை ஓய்ந்ததும் என் சொந்தப் புத்தியைக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் செடிக்குப் பூச்சி வந்தால் அடுப்புச் சாம்பல். மரத்தில் கறையான் ஏறினால் சுண்ணாம்பு. எனக்கு எதிலும் குறை வைக்கப் பிடிக்காது. எட்டுப் பேருக்குச் சமைத்த சாம்பலையெல்லாம் வேரில் கொட்டி, அதன்மேல் ஒரு பானைச் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றினேன். தண்டுக்கும் வெள்ளையடித்தேன்.

தம்பி வந்து பார்த்தான். ஒரு கணம் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அந்த ஒரு கணத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

"செடிக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருக்குண்ணே" என்றான்.

கார்த்திகையில் இலை மஞ்சளித்தது. "காய்ப்புக்குத் தயாராகுதுண்ணே" என்றான். நம்பி மனைவிக்குக் கடிதம் எழுதினேன்: சித்திரை முடிந்ததும் புறப்படத் தயாராக இரு. அவள் பதில் எழுதியிருந்தாள்: ஆட்டைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன். மஞ்சள் இடித்து டப்பாவில் அடைத்துவிட்டேன், அங்கே கிடைக்குமோ என்னவோ. பெட்டிக்குப் பூட்டு மட்டும் வாங்க வேண்டும்.

தையில் மூன்று செடியும் விறகாகிவிட்டன. தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவதும் நின்றது. பாவம், தோட்டத்தில் வேலை அதிகம்போல என்று அவனுக்காக நான் அனுதாபப்பட்டேன்.

சித்திரையில், நடந்ததைச் சொல்லித் துரைசானியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று பங்களாவுக்குப் போனேன். சமையல்கட்டைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது. சுவரோரம் வரிசையாக ஆறு செடி. கிளை தாழ, திருநீறு பூசிய பழம். வேரடியில் சாம்பலும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. எங்கள் மில்லிலிருந்து வந்த மரத்தூளும், தேயிலைச் சக்கையும், மக்கின இலையும் மெத்தைபோலப் போட்டிருந்தது. அப்படியானால் அதற்கு என்ன வேண்டும், சாம்பலும் சுண்ணாம்பும் அதற்கு விஷம் என்று அவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

செடிக்கு அப்பால் அந்த இரண்டு அறை வீடு. கொடியில் கண்டாங்கிச் சேலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ மஞ்சள் இடிக்கிற சத்தம்.

தம்பி கூடையோடு குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தான். ஒரு பழத்தைக்கூட அவன் துடைக்கவில்லை.

எதையும் நான் வேடிக்கை சொல்லிச் சமாளித்துப் பழகியவன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வீட்டை ஆளுக்குப் பாதியா வெச்சுக்கலாம்னு சொல்லியிருப்பேனேடா. அவ அங்க பெட்டி கட்டி உக்காந்திருக்கா. நான் என்னன்னு எழுதுவேன்?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்கட்டும் என்று இன்னும் ஓரடி முன்னால் போனேன்.

அவன் நிமிரவில்லை.

"காலை எடுங்கண்ணே, வேர்ல மிதிக்கிறீங்க."