டீசல் குடித்த செருப்பு

போன மாதம் மாமா மகளுக்குக் காது குத்து. பந்தியில் இலை போட்டு, பாயசம் வருவதற்குள் அப்பா அந்தக் கதையை மறுபடி எடுத்துவிட்டார். "எங்க மாப்ள ஒரு தபா திருஷ்டி கழிக்கறேன்னு லாரி பைப்புல செருப்பக் கட்டி, டீசலு பூரா ரோட்டுக்கே ஊத்திட்டாரு!" பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். சாம்பார் வாளியோடு நின்ற மாமாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பதினைந்து வருஷமாக இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வாயால் சொல்ல விடமாட்டேன் என்கிறார்கள், எழுதியாவது தொலைக்கிறேன்.

அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். வீடு திண்டிவனத்தில். அப்பாவிடம் ஒரு பழைய ஆறு சக்கர லாரி இருந்தது. அதை ஓட்டியவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. திண்டிவனத்தில் நெல் மூட்டை ஏற்றி, விழுப்புரத்து மில்லில் இறக்கிவிட்டு வருவார். எனக்கு அவர் மாமா. அக்கா புருஷன் என்பதால் அவருக்கு என் அப்பா மாமா. அப்பா எதிரில் நாற்காலியில்கூட உட்காரமாட்டார்.

ஆயுத பூஜைக்கு முன்னால் அப்பா லாரிக்குப் பெயின்ட் அடித்தார். அடித்த வாரமே ஒரு டயர் வெடித்தது, ஒரு லைட் உடைந்தது. கண்ணு பட்டுடுச்சி என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் அதற்கு மருந்து, வண்டிக்கு அடியில் பழைய செருப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவது. என் காலுக்குச் சிறிதாகிப்போன நீல வார் செருப்பு அதற்கு வாகாக அகப்பட்டது. அம்மா சமையலறையிலிருந்து கட்டுக்கம்பி கொண்டுவந்து கொடுத்தார். அப்பா வண்டிக்கு அடியில் படுத்து, கைக்கு எட்டிய ஒரு பைப்பில் செருப்பை வைத்து, கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினார். கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். மாமா அன்று ஊரிலேயே இல்லை. ஓமந்தூருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார். இதை யாரும் மறந்துவிடக் கூடாது.

ஒரு மாதம் கழிந்திருக்கும். டீசல் குறைய ஆரம்பித்தது. அப்பா டேங்க்குக்குள் குச்சி விட்டுப் பார்ப்பார், முகம் சுருங்கும். மாமா எங்கோ லீக்காகிறது என்றார். வண்டிக்கு அடியில் படுத்து பைப்பு இணைப்புகளையெல்லாம் முடுக்கிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"லீக்குன்னா கீழ சொட்டணும் மாப்ள. ராவெல்லாம் நிக்குது, தரை காஞ்சிக்கினு கெடக்குது. டீசலு இன்னா ஆவியாப் பூட்ச்சா?" என்றார் அப்பா.

மறுநாள் டேங்க் மூடிக்குப் பூட்டு வந்தது. சாவி அப்பாவின் அரைஞாணில் தொங்கியது. பூட்டிய டேங்க்கிலும் டீசல் குறைந்தது. மூளை உள்ள யாராக இருந்தாலும் அந்த இடத்தில், அட, லீக்குதான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அப்பா நினைத்தது என்ன தெரியுமா? மாமா கள்ளச் சாவி போட்டுவிட்டார் என்று!

அதை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தாலும் போகிறது. டீக்கடையில் போய்ச் சொன்னார், அக்கா வீட்டு டீசலிலேயே கை வைக்கிறான் என்று. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி முதலில் விசாரிப்பது டீக்கடையில்தான். ஓமந்தூர்க்காரர்கள் வந்தார்கள், டீ குடித்தார்கள், கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமா அன்று சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு யார்மேல் கோபம் வந்தாலும் அது இறங்கும் இடம் அம்மாதான். குழம்பில் உப்பு குறைந்தாலும் "உங்கூட்டுக்காரனுங்க புத்தி" என்பார். ஒருநாள் தட்டு சுவரில் போய் விழுந்தது. "நீயும் உன் தம்பிகூடவே கெளம்பு" என்றார்.

அதற்குப் பிறகுதான் மாமா வாயைத் திறந்தார். "ஞாயித்துக்கெழம வண்டியக் கழுவி, லீக்க நான் காட்டறேன் மாமா. காட்ட முடியலன்னா சாவியக் குடுத்துட்டுப் பூடறேன். அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க."

ஞாயிறு காலை லாரியின் அடிப்பக்கம் முழுவதும் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்தார். பிறகு என்னிடம் வந்து, "பாப்பா, உன் பவுடர் டப்பாவக் குடு" என்றார். நான் முகத்துக்குப் போடுகிற பவுடர். டேங்க்கிலிருந்து என்ஜின் வரைக்கும் ஓடுகிற பைப்புகளுக்கெல்லாம் அதைத் தூவினார். வண்டி ஓடும்போது எங்கே பவுடர் நனைகிறதோ அங்கேதான் ஓட்டை என்றார். ஒரே ஓர் இடத்தை மட்டும் அவர் கழுவவும் இல்லை, துடைக்கவும் இல்லை. அது என் செருப்பு தொங்கிய இடம். திருஷ்டிக்குக் கட்டியதை அவிழ்த்தால் வண்டிக்கு ஆகாதாம். திருட்டுப் பட்டத்தோடு நின்ற மனிதர், அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று செருப்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவும் ஏறிக்கொண்டார். வழியில் மாமா ஏதாவது செய்துவிடுவாராம். நடுவில் நான். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினார்கள். மாமாவும் மெக்கானிக்கும் அடியில் படுத்தார்கள். நானும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தேன். பைப்பெல்லாம் பவுடர் அப்படியே இருந்தது. செருப்புப் பக்கம் மட்டும் கறுப்புச் சேறு. என் செருப்பு டீசல் குடித்து, கொழுக்கட்டை மாதிரி ஊதியிருந்தது. மாமாவின் கை அதன்கிட்டே போய் நின்றுவிட்டது. மெக்கானிக் நல்லது கெட்டது பார்க்கிற ஆளில்லை. பிளையரை வைத்துக் கம்பியை வெட்டி எறிந்தார். கம்பி உரசி உரசி பைப்பில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணு" என்றார். பண்ணியதும் அந்த ஓட்டையிலிருந்து நூல் மாதிரி டீசல் பீய்ச்சியது. நிறுத்தியதும் நின்றுவிட்டது. "இது ரிட்டன் பைப்பு. என்ஜினு குடிச்சது போக மிச்சத்த டேங்க்குக்குத் திருப்பி அனுப்பும். ஓடறப்பதான் இதுல டீசலு வரும், நின்னா வராது. அப்புறம் தரையில எப்பிடி சொட்டும்?" என்றார் மெக்கானிக்.

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மாமா திருடவில்லை! எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். அப்போது மெக்கானிக், செருப்பைத் தூக்கிக் காட்டி, "எந்தப் புண்ணியவான்யா இத இங்க கட்டினது?" என்று கேட்டார். ஷெட்டு ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா டோல்கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே என்னவோ தேர் வருகிற மாதிரி.

"நான்தாண்ணே. புத்தியில்லாம கட்டிட்டேன்" என்றார் மாமா.

"பொய்யி!" என்று கத்தினேன். "அப்பாதான் கட்டுச்சி! கம்பிய நான்தான் புடிச்சிக்கினு இருந்தேன்! மாமா அன்னிக்கி ஊர்லயே இல்ல!"

"பாப்பா, வாய மூடு" என்றார் மாமா. என்னை அவர் அதட்டியது அதுதான் முதல் தடவை. 

அப்பாவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னார். என்ன சொன்னார் என்றால், "இனிமேலாச்சும் எங்க கட்றோம்னு பாத்துக் கட்டு மாப்ள!" என்றார். பிறகு அரைஞாணிலிருந்து டேங்க் சாவியை அவிழ்த்து, முகத்தைப் பார்க்காமல் மாமாவிடம் நீட்டினார். அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான், அதுவும் நானாக அப்படி வைத்துக்கொண்டால். மெக்கானிக் ஓட்டை விழுந்த துண்டை அறுத்துவிட்டு, ரப்பர் ஹோஸைச் செருகி ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு முடுக்கினார். அரை மணி நேர வேலை.

வீட்டுக்கு வந்து லாரியிலிருந்து இறங்குவதற்கு முன்னாலேயே மாமா, "லீக்குதாங்க்கா! நான் கட்டின செருப்புதான் வேல காட்டிடுச்சி!" என்றார். கம்பியைத் தன் கையால் எடுத்துக்கொடுத்த அம்மா, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.  அன்று அப்பா சிரித்துப் பேசிக்கொண்டு மீன் குழம்பு சாப்பிட்டார். சாயங்காலமே டீக்கடைக்குப் போய், பையன் திருடன் இல்லை, கூறுகெட்டவன் என்று திருத்திச் சொன்னார். திருடனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், கூறுகெட்டவனுக்குத் தாராளமாகக் கொடுப்பார்கள். ஓமந்தூரிலிருந்து பத்தே நாளில் சரியென்று ஆள் வந்தது.

நான் மாமாவிடம் கா விட்டேன். அப்பாவிடம் இல்லை, மாமாவிடம். பொய் சொன்னதோடு என்னையும் அதட்டினார் அல்லவா. அப்பா வாங்கிவந்த புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் நடந்தேன். மாமா தினமும் வேலை முடித்து வந்து ரெண்டு விரலை நீட்டி, "பழமா பாப்பா?" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு மாதம் அப்படியே ஓடியது.

ஒருநாள் தலை பின்னும்போது அம்மா, "மாமாகிட்ட பழம் விட்டுடுடி" என்றார்.

"போம்மா. பொய் சொன்னாரு."

"ஆமாம்டி, சொன்னான்" என்றார் அம்மா. பின்னல் பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னவருக்காக எதற்கு அழுகிறார் என்று எனக்கு அன்று அம்மாமேலும் கோபம் வந்தது. அவரிடமும் சேர்த்துக் கா விட்டேன்.