புதுசைக் கொடுத்து வாங்கிய பழைய வைஃபை

போன வருடம், தீபாவளி முடிந்து பலகார டப்பாக்கள் காலியாகிப்போன வாரம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் கம்ப்யூட்டர் கடைகளாகவே நிறைந்திருக்கும் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நடந்தது இது.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். காலில் அடிபட்டு ஆபரேஷன் ஆனபிறகு இனி மேலே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துபோனது. கேட்டால் பதில், இல்லாவிட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அந்தச் சமயத்தில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனி, வீட்டிலிருந்தே கண்டெய்னர் விவரங்களைச் சரிபார்க்க ஆள் தேடியது. நான் நச்சரித்ததில் மனுப் போட்டார். திங்கட்கிழமை காலை வீடியோவில் இன்டர்வியூ. அவர்கள் அனுப்பும் படங்களைப் பெரிய திரையில் பார்த்து வேலை செய்து காட்ட வேண்டும், கைபேசி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் என் நாத்தனார் தூக்கிப் போட வைத்திருந்த லேப்டாப் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் விண்டோஸ் திறப்பதற்குள் உலையில் சோறு வெந்துவிடும். எனக்கோ ஒரு சாமான் ஏன் ஓடவில்லை என்று தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும். வீடியோக்களைப் பார்த்து, விண்டோஸை அழித்துவிட்டு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நானே போட்டேன். லேப்டாப் பறந்தது! ஆனால் வைஃபை மட்டும் வரவில்லை. உள்ளே இருந்த கார்டு செத்துப்போயிருந்தது. எங்களுக்குத் தனி லைனும் கிடையாது. எதிர்வீட்டுச் சீன அக்கா தன் வைஃபையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார். அதனால் ஒயர் இழுக்கவும் வழியில்லை.

பென்டிரைவ் போல வெளியே செருகும் சின்ன வைஃபை ஒன்று வாங்கினால் போதும் என்று படித்தேன். எது லினக்ஸில் தொல்லையில்லாமல் ஓடும் என்று கைபேசியில் தேடினேன். யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்துகொண்டு எழுதியிருந்தார்கள். பலர் ஒரே மாடலைப் புகழ்ந்திருந்தார்கள்: செருகினால் போதும், ஓடும். அந்த மாடலையே தேடி வாங்கி வந்து செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை.

லினக்ஸில் ஒரு வசதி உண்டு. ஒரே ஒரு வார்த்தை டைப் செய்தால், செருகியிருக்கும் சாமானின் உள்ளே இருக்கும் சிப் யாருடையது என்று சொல்லிவிடும். டைப் செய்து பார்த்தால், அவர்கள் எழுதியிருந்த சிப் ஒன்று, என் கையில் இருந்தது வேறொன்று. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில், எறும்பு அளவு எழுத்தில் மூன்றாம் பதிப்பு என்று இருந்தது. அதே பெயர், அதே படம், அதே பெட்டி. கம்பெனிக்காரன் உள்ளே இருப்பதை மட்டும் சத்தம் போடாமல் மாற்றியிருக்கிறான். எரிச்சலாகவும் வந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது.

கணவரிடம் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"விடும்மா. அந்த வேலை எனக்கு எழுதி வைக்கல. கழிச்சுக் கட்டுன ஆளு நான்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. மறுநாள் சனிக்கிழமை. லேப்டாப்பைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு, வைஃபை வாங்கிய அந்த மாடிக் கடைக்கே போனேன்.

கடைக்காரர் சீனர். பெட்டியைப் பிரித்தால் திரும்ப எடுக்கமாட்டேன் என்றார். சரி, வேறு மாடல்களைப் பிரித்து என் லேப்டாப்பில் செருகிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "தாக் போலே லா" என்று மலாயில் சொல்லித் தலையை ஆட்டிவிட்டார். முடியாதென்றால் முடியாதுதான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிரித்த பெட்டியை யார் வாங்குவார்கள்? எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வெட்கமாக இருந்தது, அதற்காக அங்கிருந்து நகரவும் மனமில்லை.

ரிப்பேருக்குக் கொடுத்த பிரிண்டருக்காக ஒரு பெண் அங்கே காத்திருந்தார். தமிழ் முஸ்லிம், என்னைவிட இளையவர், கல்யாணக் கார்டு அடித்துக் கொடுப்பவர் என்று பிறகு சொன்னார். என்ன விஷயம் என்று கேட்டார். இன்டர்வியூவிலிருந்து எறும்பு எழுத்து வரை கொட்டித் தீர்த்தேன். லினக்ஸ் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டாராம். ஆனால் கண்ணை அகல விரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கல்லாப் பக்கம் கையைக் காட்டினார்.

"பிரிக்காத பெட்டியைத்தானே தொடக்கூடாது? அந்தத் தட்டுல உள்ளதுக்குப் பெட்டியே இல்லையே அக்கா."

கல்லாப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. பழைய மவுஸ், கேபிள், மூடி தொலைந்த பென்டிரைவ், நடுநடுவே யாரோ கழற்றிப் போட்ட வைஃபைகள். கடைக்காரர் கையை விரித்து, எடுத்துக்கொள் என்று காட்டினார்.

அந்தப் பெண் தட்டிலிருந்து பொறுக்கி ஒவ்வொன்றாக நீட்டுவார். நான் செருகி, அந்த ஒற்றை வார்த்தையை டைப் செய்வேன். முதலாவது செத்தது. இரண்டாவதில் விளக்கு எரிந்தது, வேறொன்றும் இல்லை. அடுத்தது தாறுமாறாகச் சூடானது. அவர் விரலை ஊதிக்கொண்டே சிரித்தார். நான் எதற்காக வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. உள்ளே என்ன இருக்கும், இதில் என்ன இருக்கும் என்று இரண்டு பேருக்கும் ஒரே பரபரப்பு. கடைக்காரரும் கல்லாவை விட்டு வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

மூடி இல்லாத, ஓரம் உடைந்த ஒன்றைச் செருகினேன். நான் டைப் செய்யக்கூட இல்லை. அக்கம்பக்கத்துக் கடைகளின் வைஃபை பெயர்கள் எல்லாம் திரையில் மளமளவென்று வந்து இறங்கின. "வந்துருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடையிலிருந்து ஆள் வந்துவிட்டது. கடைக்காரர் தன் கடை பாஸ்வேர்டைத் தானே தட்டிக் கொடுத்தார். இணையம் திறந்தது. சிப்பைப் பார்த்தேன். வெகுகாலம் முன்னே வந்தது. இத்தனை வருடத்தில் லினக்ஸ்காரர்கள் அதை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை படித்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. புதுசைத்தான் அவர்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

கடைக்காரர் மனம் இளகி, என் புதுசை வாங்கிக்கொண்டு அந்தப் பழசைக் கொடுத்தார். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"புதுசைக் குடுத்துட்டு ஒடஞ்சதை வாங்கிட்டு இவ்வளவு சந்தோஷமா போறவங்களை நான் பார்த்ததே இல்ல லா."

அவர் பிரிண்டர் எப்போதோ தயாராகி ஓரமாக நின்றிருந்தது. எனக்காகத்தான் நின்றிருக்கிறார். பெயர் கேட்காமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கணவர் மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலியுடன் லேப்டாப் முன் உட்கார்ந்தார். நான் அடுப்படியில் மூச்சுவிடாமல் நின்றேன். ஒரு படத்தைக் காட்டி, இந்த அடுக்கில் என்ன தவறு என்று கேட்டார்கள். அவர் பேச ஆரம்பித்தார். எந்தப் பெட்டி முதலில் இறங்க வேண்டும், எது மேலே இருந்தால் காற்றில் ஆடும், அடியில் இருப்பதை எடுக்க எத்தனை பெட்டியை நகர்த்த வேண்டும்... நிறுத்தவே இல்லை. மாதக்கணக்கில் கேட்காத குரல் அது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வேலை கிடைத்தது. அன்று அவர் அந்த உடைந்த வைஃபையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பழசுதான் உடனே ஓடுது, என்ன?"

ஒரு கேபிளில் கைபேசியை லேப்டாப்போடு இணைத்திருந்தாலே வேலை முடிந்திருக்கும் என்று பிறகு ஒருவர் சொன்னார். போங்கள்! அது எனக்கு முன்பே தெரியாமல் போனதே நல்லது. இன்றும் அந்த உடைந்த வைஃபை லேப்டாப்பின் ஓரத்தில் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. துடைக்கும்போதுகூட அதைக் கழற்ற அவர் விடுவதில்லை. எதையாவது, யாரையாவது ஆகாதென்று ஓரம் கட்டத் தோன்றும்போதெல்லாம் அந்தத் தட்டு நினைவுக்கு வரும். ஒருமுறை செருகிப் பார்த்துவிடுவோமே என்று என் கை தானாக நீளும்.