குறியீட்டின் கீழே ஒரு வரி

முஸம்மில் மாஸ்டர் மௌத்தான செய்தி என் கைபேசிக்கு நோட்டீஸாக வந்தது. பச்சைக் கரை, நடுவில் அவர் படம், அதன் கீழே ஒரு கியூஆர் குறியீடு. ‘நல்லடக்க நேரமும் இடமும் அறிய ஸ்கேன் செய்க’ என்றிருந்தது. என்னிடம் இருப்பது ஒரே போன். குறியீடும் அதற்குள்ளேதான் கிடந்தது. அதற்கும் வழியுண்டு என்று பிள்ளைகள் சொல்வார்கள், எனக்குத் தெரியாது. அவருடைய மருமகனுக்கு எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. அடக்கம் ளுஹர் தொழுகைக்குப் பிறகா, அசர் தொழுகைக்குப் பிறகா என்று தெரியாமலே பாலமுனையில் மருதமுனைக்கு பஸ் ஏறினேன்.

நம் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த சித்திர ஆசிரியராக உங்களில் பலர் அவரை அறிவீர்கள். ஓய்வுக்குப் பின் மருதமுனையில் வீட்டிலிருந்தே நோட்டீஸ், பேனர் வடிவமைத்தார். ஒருமுறை இரத்ததான முகாம் பேனருக்குப் பள்ளிவாசல் ஹாஜியார் ஒருவர் வந்திருந்தபோது நானும் அங்கிருந்தேன். பச்சையில் தங்க நிறக் குறியீடு வேண்டும் என்றார் ஹாஜியார்.

“தங்கம் பொம்புளயளுக்குத்தான் வடிவு. போனுக்கு வெள்ளையில கறுப்பு போதும்” என்றார் மாஸ்டர்.

“அப்ப சுத்தி வெறுமையாக் கிடக்கே. ஒரு பூக்கொடியாவது போடுங்களன்.”

“ஒங்கட வயலுக்கு வரம்பு வெச்சிரிக்கீங்கதானே ஹாஜியார்? அதுலயும் நெல்ல வெதச்சா எதால நடக்கிற? இந்த வெள்ளையும் வரம்புதான். அத மூடினா போனுக்கு உள்ளுக்கு வர வழியில்ல.”

“இவருக்கு எல்லாத்துக்கும் ஒரு கத இரிக்கி” என்று ஹாஜியார் சிரித்து ஒத்துக்கொண்டார்.

மாஸ்டர் அதோடு விடவில்லை. மாதிரித்தாளைச் சுவரில் ஒட்டி, தெருவில் போன மீன் வியாபாரியைக் கூப்பிட்டார். கண்ணாடி வெடித்த அந்த வியாபாரியின் போனில் குறியீடு பிடித்த பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தார். “என்ட போன்ல பிடிச்சி என்ன சேர்? இவர்ர போன்ல பிடிக்கணும்” என்றார் என்னிடம். பேனரைக் கரண்ட் கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்ததைக் கண்டதும் இறக்கச் சொல்லி, தேநீர்க்கடைச் சுவரில் நெஞ்சளவுக்குக் கட்டுவித்தார்.

குறியீட்டின் கீழே நாளையும் நேரத்தையும் இடத்தையும் எழுதாமல் எதையும் அவர் வெளியே விட்டதில்லை. அதுதான் குறியீட்டுக்குள்ளேயே இருக்கிறதே என்று நான் கேட்டேன். “சார்ஜ் முடிஞ்சவனும் நோட்டீஸ் பார்க்கிறான் சேர். போன் இல்லாதவனும் பார்க்கிறான். கியூஆர் கோடு வேல செய்யாட்டி எழுத்து வேல செய்யணும்.”

நான் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாத் தொழுகை முடிந்திருந்தது. மையவாடியில் குழிக்கு மண் போட மட்டும் கிடைத்தது. இறக்காமத்திலிருந்து வந்த நம் பழைய கணித ஆசிரியருக்கு அதுவும் கிடைக்கவில்லை. “நோட்டீஸ் வந்திச்சி சேர், நேரம் வரல்ல” என்று மையவாடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நோட்டீஸைச் செய்த மருமகன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். “மாமாட வேல மாதிரி வடிவா இரிக்கட்டும் எண்டுதான் போட்டன்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போதெல்லாம் பள்ளிவாசல் பலகையில் குறியீடு மட்டும் உள்ள தாளைக் கண்டால், யாரையாவது ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேட்டு, அதன் கீழே நாளும் நேரமும் இடமும் எழுதிவிட்டு வருகிறேன். முழங்கால் நோகிறது. ஆனாலும் எழுதி முடியும் வரை நிற்கிறேன். மாஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான்.