கிரேன் அவுலியா

காலை ஆறு ஐம்பதுக்கு சேக் தாவூது மாமா ஏணியில் கை வைக்கிறார். முதுகுப் பையில் சோற்று டப்பா, ஒன்றரை லிட்டர் தண்ணீர், மடித்த தொழுகைப் பாய். நடுவில் மூன்று இடங்களில் நிற்பார். மூச்சு வாங்கவா, சும்மாவா என்று தெரியாது. ஏழேகாலுக்குச் சிங்கப்பூர் கிளமெண்டியில் எங்கள் இருபத்திரண்டாவது மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிடுவார். இனி மாலை ஏழுக்குத்தான் இறக்கம். பகலில் அவர் கீழே வந்து யாரும் பார்த்ததில்லை.

கதைகளில் வரும் முனிவர்களுக்குக் காடு இருக்கும், குகை இருக்கும், தாடி இருக்கும். மாமாவுக்குத் தாடி மட்டும்தான். மீதிக்கு ஒரு டவர் கிரேன். பேச்சுத் துணைக்கு வாக்கி டாக்கி. அதிலும் ஏத்து, இறக்கு, நிறுத்து என்பதைத் தாண்டி எதுவும் வராது. லிப்டுக்குள் ஒரு நிமிடம் போன் இல்லாமல் நிற்க முடியாத எனக்கு, அந்தப் பன்னிரண்டு மணி நேரம் கணக்கிலேயே அடங்காது.

முதல் தடவை பார்த்தபோது கிரேனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். பகல் ஒரு மணிக்கு மேல், கொக்கியில் ஒன்றுமே இல்லாமல், அந்த நீளக் கை மெதுவாக மேற்கே திரும்பிப் போய் நின்றது. கூண்டுக்குள் மாமா தொழுதுகொண்டிருந்தார். கை திரும்பினால் கூண்டும் கூடவே திரும்பும். ஆக, மக்கா இருக்கும் கிப்லா திசையை நோக்கி அவர் திரும்புவதில்லை, கிரேனையே திருப்புகிறார். அத்தனை டன் இரும்பையும். கீழே காப்பிக்கடையில் ரொட்டி போடும் என் உம்மா இப்போது லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிறார்.

அவுலியா பட்டம் கொடுத்ததும் அந்தக் காப்பிக்கடைதான். இறைவனுக்கு நெருக்கமானவர், உலகத்தை விட்டு ஒதுங்கியவர் என்று அர்த்தம். மாலையில் அவர் ரொட்டி சாப்பிட உட்கார்ந்தால் ஆள் ஆளுக்கு வந்து யோசனை கேட்பார்கள்.

"வீட்ட வித்துட்டு மக கூட பாசிர் ரிஸ் போயிடலாமான்னு பாக்குறேன், அண்ணே. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் பக்கத்து வீட்டு சந்திரமதி ஆன்ட்டி.

மாமா ரொட்டியைக் கிழித்தபடி, "அங்க காத்து ஜாஸ்திம்மா," என்றார்.

அவர் கடலோரப் பாசிர் ரிஸ்ஸில் இரண்டு வருடம் கிரேன் ஓட்டியவர். காற்றைப் பற்றித்தான் சொன்னார். ஆன்ட்டி மூன்று நாள் யோசித்து, மருமகனைத்தான் சொல்கிறார் என்று கண்டுபிடித்து, வீட்டை விற்காமல் விட்டுவிட்டார். மற்றவர்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் மாமாவிடம் ஒரே பதில், "தெரியல லா." அதையும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு போவார்கள்.

இப்படி ஒருவர் எதிரே இருந்தால் சும்மா இருக்க முடியுமா? கதைகளில் தவத்தைக் கலைக்கத் தேவலோகத்திலிருந்து ஆள் அனுப்புவார்கள். கிளமெண்டிக்கு நான்தான். கை ஆட்டிப் பார்த்தேன். 'மாமா சாப்ட்டாச்சா' என்று அட்டையில் எழுதி ஜன்னலில் ஒட்டினேன். மனிதர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. போன மாதம் ஒரு காலை, ஒன்பது மணி வெயில் என் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. உம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, வெளிச்சத்தைப் பிடித்து, நேராக அவர் முகத்தில் அடித்தேன்.

திரும்பினார். கையால் கண்ணை மறைத்தார். கிரேன் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. கொக்கியில் தொங்கிய கம்பிக்கட்டு நிற்கவில்லை. அது வீசிக்கொண்டே போனது. கீழே ஒருவன் ஓடினான், விழுந்தான். அவனுக்கு ஒரு கை தூரத்தில் கட்டு சுவரில் போய் மோதியது. சத்தம் எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் என் கையிலிருந்த கண்ணாடி மெத்தையில் கிடந்தது. எப்போது விட்டேன் என்று இன்னும் நினைவில்லை.

பத்து மணிக்கு நான் கீழே இறங்கிப் போனபோது மாமா காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார். பகல் வெளிச்சத்தில் அவரைப் பார்த்து உம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். கிரேன் வேலைக்கு மேற்பார்வையாளரான சுந்தரேசன் எதிரே இருந்தார். அடுத்த மேசையில் விழுந்தவன், முழங்கையில் கட்டோடு.

"வெளிச்சம்னா எங்கேருந்துண்ணே?" என்று கேட்டார் சுந்தரேசன்.

"தெரியல லா. கண்ணு கூசிருச்சு."

"உங்களுக்கு அறுபத்திரண்டு ஆச்சு. நாளைக்கு கண் டெஸ்ட். அதுல ஏதாவது வந்துச்சுன்னா இனிமே மேல ஏற முடியாது. எனக்கு வேற வழி இல்ல."

"சரி."

முப்பத்தோரு வருடம் மேலே இருந்தவர். கீழே வந்து உட்கார்ந்தபோது அவர் இவ்வளவு சின்ன உருவமா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மாமா, நான்தான். கண்ணாடி வச்சு அடிச்சேன்," என்றேன்.

உம்மா அடுப்பை அணைத்தார். சுந்தரேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா முந்திக்கொண்டார். கோபமாகத்தான் சொன்னார். அவுலியாவுக்குக் கோபம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எங்கிட்ட எதுக்கு சொல்ற? விழுந்தவன் அங்க இருக்கான். ரத்னவேல். அவன்கிட்ட போய் சொல்லு."

போனேன். ரத்னவேலுக்கு என் அண்ணன் வயதுதான் இருக்கும். ஊரிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறதாம். திட்டுவான் என்று நின்றேன்.

"கண்ணாடியா?" என்றான். பிறகு, "மூஞ்சி பாக்குற கண்ணாடியா?"

"ம்."

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா," என்று அவனும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். கட்டுப்போட்ட முழங்கையைத் தடவிக்கொண்டான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுந்தரேசன் என் பெயர், வீட்டு எண், நேரம் எல்லாம் எழுதிக்கொண்டார். கட்டுமான நிறுவனத்திலிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. வந்தால் கையெழுத்துப் போட உம்மாவும் வர வேண்டுமாம். உம்மா அந்தக் கண்ணாடியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கண் டெஸ்ட் எடுத்தார்கள். குறையில்லை என்று வந்தது. மாமா ஒரு ஞானமொழியும் சொல்லவில்லை. எதிர்பார்த்துப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் அவர் மறுபடி ஏறுகிறார் என்று கேள்விப்பட்டு, விடிந்ததும் கட்டுமானத் தளத்தின் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். வேலையாட்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மாமா நேராக ஏணிக்குப் போகவில்லை. கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்து, ரத்னவேல் முன்னால் போய் நின்றார். அவன் தலைக்கவசத்தின் வார் போடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா இரண்டு கையாலும் அதை எடுத்து அவன் தாடைக்கு அடியில் மாட்டினார். ஒரு விரலை உள்ளே விட்டு, இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.